நடுவில் வரும் ஆரஞ்சு: முடிநிற மாற்ற வீடியோக்கள் ஏன் ஓடுகின்றன?

ஃபாயிலைப் பிரித்தால் உள்ளே பப்பாளிச் சதை நிறத்தில் முடி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கன்னங்கரேலென்று இருந்த அதே முடி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் கேட்டது ஆஷ் பெய்ஜ், அதாவது சாம்பல் ஓடிய மணல் நிறம். கண்ணாடியில் தெரிவதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ரீல் இந்த இடத்துக்கு வந்ததும், அடுத்ததுக்குத் தள்ளப் போன விரல் நின்றுவிடுகிறது. ‘ஐயோ, இதை எப்படிச் சரி பண்ணப் போறாங்க?’ என்ற கேள்வி மனதில் விழுந்துவிட்டது. இனி முடிவைப் பார்க்காமல் பார்ப்பவர் நகரமாட்டார்.

கறுப்பிலிருந்து ஆஷ், கறுப்பிலிருந்து காப்பர், நரையை மறைக்காமல் அதோடு கலக்கும் சாம்பல் ஹைலைட்ஸ் (சில கற்றைகளை மட்டும் வெளுப்பது) என்று முடிநிற மாற்றப் பதிவுகள் வருடக்கணக்காகச் சலிக்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணைப் பறிக்கிறது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். வித்தியாசம் முக்கியம்தான். அது மட்டும் போதுமென்றால் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டாலே வேலை முடிந்திருக்கும். ஆட்களைக் கடைசிவரை உட்காரவைக்கும் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் அந்த நடுக்கட்டம் இருக்கும். அழகில்லாத, கொஞ்சம் பயம் தருகிற ஆரஞ்சுக் கட்டம். முடியை வெளுக்கும் வேதியியலே ஒரு கதைபோல அமைந்திருக்கிறது. தொடக்கம், சிக்கல், தீர்வு மூன்றும் ஒரே தலையில், ஒரே நாளில் நடந்து முடிகின்றன. கறுப்பு முடியில் அந்தக் கதை மற்ற எந்த முடியையும்விட நீளம்.

கறுப்பு ஏன் நேராக ஆஷ் ஆவதில்லை

முடிக்கு நிறம் தருவது மெலனின். அதில் இரண்டு வகை. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின், சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். சலூன்களில் முடியின் கருமையை 1 முதல் 10 வரை எண் போட்டுச் சொல்வார்கள். 1 கறுப்பு, 10 மிக வெளிர்ந்த பொன்னிறம். நம் ஊர்த் தலைகளில் பெரும்பாலானவை 1, 2, சில 3. ப்ளீச் பவுடரில் இருக்கும் பெர்சல்ஃபேட் உப்புகளும், அதோடு கலக்கும் டெவலப்பர் என்ற திரவத்தில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து மெலனினை உடைக்கும்போது கருமை முதலில் போய்விடுகிறது. சிவப்பும் மஞ்சளும் கடைசிவரை பிடிவாதமாக நிற்கின்றன. அதனால் 3-ல் செம்பழுப்பு தெரியும். 4-ல் சிவப்பு, 5-ல் செவ்வாரஞ்சு, 6-ல் முழு ஆரஞ்சு, 7-ல் பொன்னாரஞ்சு, 8-ல் மஞ்சள், 9-ல் வெளிர் மஞ்சள். 10-க்கு வந்தால் வாழைப்பழத் தோலின் உட்புற நிறம். எவ்வளவு பெரிய கைதேர்ந்தவராக இருந்தாலும் இந்தப் படிகளில் ஒன்றைக்கூடத் தாண்டிக் குதிக்க முடியாது.

இயற்கையிலேயே 7-ல் முடி உள்ள ஒரு ஐரோப்பியப் பெண் 9-க்குப் போனால் ஏறுவது இரண்டே படி. முழு ஆரஞ்சு அவர் வழியில் குறுக்கே வருவதே இல்லை. 2-ல் தொடங்கும் ஒரு சென்னைப் பெண் அதே இடத்துக்குப் போக ஏழு படி ஏற வேண்டும். வேலை செய்பவருக்கு இது தலைவலி. வீடியோ எடுப்பவருக்கு வரம். கறுப்பு முடி வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் திரையில் அது அசையாத ஒரு கருமையாகத்தான் விழும். வெளுத்த முடியிலோ ஒவ்வொரு இழையும் தனித்தனியாக மின்னும். இவ்வளவு பெரிய இடைவெளி பொன்னிற முடிக்காரர்களுக்குக் கிடைப்பதில்லை. தென்கொரியப் பாடகர்கள் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு முடிநிறத்தோடு வரும்போது அது பேசுபொருளாவதற்கும் இதுவே காரணம். அவர்களுடையதும் கறுப்பு முடி.

பதிவு ஏன் ஓடுகிறது என்பது புரிய, அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் கேட்பது முடியின் சரித்திரம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வளர்கிறது. இடுப்பைத் தொடும் முடியின் நுனிக்கு ஐந்து வயதாவது இருக்கும். அந்த ஐந்து வருடத்தில் எப்போதோ வைத்த பாக்கெட் ஹென்னாவும், அக்கா கல்யாணத்துக்கு அடித்த கறுப்பு டையும், செய்துகொண்ட ஸ்ட்ரெயிட்டனிங்கும் நுனியில் அப்படியே இருக்கின்றன. வெறும் மருதாணி இலை பெரிய சிக்கலைத் தராது, ஆரஞ்சு மட்டும் எளிதில் போகாது. ‘கறுப்பு ஹென்னா’ என்று விற்கும் சில கலவைகளில் உலோக உப்புகள் இருக்கக்கூடும். அவற்றின் மேல் பெராக்சைடு பட்டால் முடி சூடேறும், அறுந்து கையோடு வரும். சந்தேகம் இருந்தால் 30 மி.லி. 20 வால்யூம் டெவலப்பரில் 28 சதவீத அமோனியா 20 சொட்டு விட்டு, வெட்டியெடுத்த ஒரு சின்னக் கற்றையை அரை மணி நேரம் ஊறவைப்பார்கள். கலவை கொதித்தாலோ, முடி பிய்ந்துகொண்டு வந்தாலோ, சட்டென்று நிறம் மாறினாலோ அன்றைக்கு ப்ளீச் கிடையாது. சாயத்தில் பாரா-ஃபினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள் இருந்தால் 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் ஒவ்வாமைச் சோதனையும் செய்ய வேண்டும்.

அடுத்து கலவை. முடியைக் கற்றைகளாகப் பிரித்து ஃபாயிலில் சுற்றும் வேலைக்கு 30 கிராம் பவுடருக்கு 60 மி.லி. 20 வால்யூம் டெவலப்பர், கெட்டித் தயிர் பதம் என்பது வழக்கமான கணக்கு. 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்சைடு. 30 என்றால் 9, 40 என்றால் 12. ‘கறுப்பு முடிதானே, 40 போடு, சீக்கிரம் ஏறும்’ என்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஏறுவது வேகமாகத்தான் ஏறும், ஆனால் ஆரஞ்சிலேயே நின்று முடி பஞ்சாகிவிடும். 20-ஐ வைத்துப் பொறுமையாக, தேவைப்பட்டால் புதுக் கலவையை மறுபடி பூசி ஏற்றுவதே பாதுகாப்பு. தலைத்தோலின் சூடு ப்ளீச்சை விரைவுபடுத்தும் என்பதால் வேரிலிருந்து 1 முதல் 2 செ.மீ. தள்ளி ஆரம்பிப்பார்கள். இல்லையென்றால் வேர் மஞ்சளாகவும் நுனி ஆரஞ்சாகவும் வந்து நிற்கும். ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபாயிலைத் திறந்து பார்ப்பார்கள். ப்ளீச் காய்ந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

கடைசியில் டோனர், வெளுத்த முடியில் மிஞ்சிய நிறத்தை அடக்கும் பூச்சு. வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும். மஞ்சளை அடக்க ஊதா, ஆரஞ்சை அடக்க நீலம், சிவப்பை அடக்கப் பச்சை. டோனர் போடும்போது முடி கொஞ்சம் இருளும். ஆகவே 8-ல் ஆஷ் வேண்டுமானால் 9 வரைக்கும் வெளுத்திருக்க வேண்டும். 6-ல் பதறி நிறுத்திவிட்டு, 9-க்கான ஊதா டோனரை அதன் மேல் பூசினால் எதுவும் நடக்காது. ஊதா ஆரஞ்சை அடக்காது. நீலம் அதிகமுள்ளதைப் பூசினால் கலங்கிய பழுப்பு வரும், சிலசமயம் பச்சை ஓடும்.

வாஷ்பேசினில் இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பிழிந்த ஈர முடி கோழிக்குஞ்சு மஞ்சளில் கிடக்கிறது. அதன் மேல் நாவல்பழச் சாறு போன்ற திரவம் விழுகிறது. கையுறை போட்ட விரல்கள் அளைகின்றன. இரண்டு நிமிடத்தில் மஞ்சளின் சூடு குறைகிறது. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கற்றையை மட்டும் துண்டால் துடைத்துப் பார்க்கிறார்கள். மஞ்சள் போய், ஈர மணலின் நிறம். பார்ப்பவர் கண் முன்னாலேயே தவறு சரியாகிறது. படத்தொகுப்பின் உதவியே இல்லாமல் ஒரே ஷாட்டில் இப்படித் திருப்பம் காட்டும் வேலைகள் உலகத்தில் மிகக் குறைவு.

ஒரே நாள், ஒரே நாற்காலி

முன்–பின் படம் புதிதல்ல. உடம்பு இளைப்பது, முகப்பரு போவது, வீட்டைப் புதுப்பிப்பது எல்லாவற்றுக்கும் அது உண்டு. ஆனால் எடை குறைய மாதங்கள், தோல் தெளிய வாரங்கள். இடையில் கேமரா மாறும், வெளிச்சம் மாறும், ஆளே மாறிவிட்டாரோ என்ற சந்தேகமும் வரும். முடிநிறம் அப்படியல்ல. காலை 10 மணிக்கு உட்கார்ந்தவர் மாலை 4 மணிக்கு எழுந்திருக்கிறார். அதே நாற்காலி, அதே கறுப்புத் துணி, அதே காதணி. கண் தானாகவே சரிபார்த்து நம்பிவிடுகிறது. இந்த நம்பிக்கைதான் பதிவின் முதல் மூலதனம். அதனால்தான் கடைசி ஷாட்டுக்காக உடை மாற்றி, வேறு அறைக்குக் கூட்டிப்போய் எடுக்கும் வீடியோக்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு படி கீழேதான் நிற்கின்றன.

இன்னொன்று, இந்த வீடியோக்களில் பெரும்பாலும் முகம் இருக்காது. பின்னந்தலையைத்தான் காட்டுவார்கள். வாடிக்கையாளரின் அந்தரங்கத்துக்கு அது நல்லது, முடியும் அங்கேதான் நன்றாகத் தெரியும். ஆனால் விளைவு அதைவிட ஆழமானது. முகம் இல்லாத தலையில் பார்ப்பவர் தன் முகத்தைப் பொருத்திக்கொள்கிறார். மூக்கோ தோல்நிறமோ வயதோ குறுக்கே வருவதில்லை. கறுப்பு நீள முடி உள்ள யாருக்கும் அந்த ‘முன்’ தன்னுடையதுதான்.

அறியும் ஆர்வத்தைப் பற்றி எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-ல் ஒரு விளக்கம் தந்தார். தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி கண்ணுக்குப் பட்டுவிட்டால் மனது அதை அடைக்கத் துடிக்கும் என்பது அதன் சாரம். முழுக்கத் தெரியாத விஷயம் ஆர்வத்தைத் தூண்டாது, பாதி தெரிந்ததுதான் தூண்டும். ஆரஞ்சு முடி துல்லியமாக அந்தப் பாதி. தொடக்கம் தெரியும், வாக்குக் கொடுத்த முடிவும் தலைப்பில் இருக்கிறது, நடுவில் நிற்பது மட்டும் இரண்டோடும் சேரவில்லை. வீட்டிலேயே ப்ளீச் செய்து கெடுத்துக்கொள்ளும் வீடியோக்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லியே பிராட் மோண்டோ என்ற அமெரிக்கச் சிகையலங்காரக் கலைஞர் யூடியூபில் பெயர் பெற்றார். அந்த வகையின் உயிரும் இதே இடைவெளிதான். 2020 மார்ச்சுக்குப் பிறகு சலூன்கள் மூடிக் கிடந்த மாதங்களில் வீட்டுக் குளியலறை வீடியோக்கள் பெருகியபோது அது இன்னும் பலமானது.

மறைத்தது போய், காட்டுவது வந்தது

இன்று கொண்டாட்டமாகக் காட்டப்படும் இந்த வேலை, நீண்ட காலம் ரகசியமாக நடந்தது. பாரிஸில் யூஜீன் ஷுவெல்லர் என்ற இளம் வேதியியலாளர் 1907-ல் செயற்கை முடிச்சாயம் தயாரித்துச் சிகையலங்காரக்காரர்களுக்கு விற்றார். 1909-ல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் லோரியல். அமெரிக்காவில் 1956-ல் வந்த கிளேரால் விளம்பரம், அவள் சாயம் பூசியிருக்கிறாளா இல்லையா என்று கேட்டுவிட்டு, அவளுடைய சிகையலங்காரக்காரருக்கு மட்டுமே அது நிச்சயமாகத் தெரியும் என்று முடித்தது. யாராலும் கண்டுபிடிக்க முடியாததே அன்றைக்குத் தரத்தின் அடையாளம்.

தமிழிலும் இந்த மாற்றம் பேச்சிலேயே பதிவாகியிருக்கிறது. ‘டை அடிச்சிருக்காரு’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அது நரையை மறைப்பது, வயதைக் குறைப்பது. கதவைச் சாத்திக்கொண்டு, பழைய பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு செய்த வேலை. ‘கலர் பண்ணிருக்கேன்’ என்பது குரலை உயர்த்திச் சொல்வது. வேதியியல் பல இடங்களில் ஒன்றுதான், சொல் மாறியதும் வெட்கம் போய்விட்டது. மறைப்பதற்குச் சாட்சி தேவையில்லை. காட்டுவதற்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியத்துக்கு இன்ஸ்டாகிராம் இடம் கொடுத்தது.

அளப்பது என்ன, கிடைப்பது என்ன

2010 அக்டோபரில் தொடங்கிய இன்ஸ்டாகிராமில் முதலில் இருந்தது சதுரப் படம் மட்டும். முன்–பின்னை ஒரே சட்டகத்தில் ஒட்டித்தான் போட வேண்டும். 2013-ல் 15 விநாடி வீடியோ வந்தது. 2017 பிப்ரவரியில் ஒரே பதிவில் பத்துப் படம் வரை அடுக்கும் வசதி வந்தபோது, முதல் படத்தில் ‘முன்’, விரலால் நகர்த்தினால் ‘பின்’ என்ற பழக்கம் பரவியது. இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று தடைசெய்யப்பட்டது, ஒரு சில நாளில் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். ஆரஞ்சுக் கட்டத்துக்கு இடம் கிடைத்தது அப்போதுதான். இரண்டு படங்களுக்கு நடுவில் அதைச் செருக முடியாது, 30 விநாடி வீடியோவுக்கு நடுவில் முடியும்.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில், ஒரு பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பதில் முக்கியமானவையாக மூன்றைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் போய்ச் சேர லைக் கொஞ்சம் கூடுதலாக உதவும், புதியவர்களிடம் போய்ச் சேர அனுப்புதல் உதவும் என்பதும் அவர் சொன்னதே.

இந்த மூன்றையும் முடிநிற வீடியோவின் மேல் வைத்துப் பாருங்கள். பார்க்கும் நேரத்தை ஆரஞ்சு கவனித்துக்கொள்கிறது. லைக்கைக் கடைசி ஷாட். அனுப்புவதில்தான் இந்த வகைக்குப் பெரிய பலம். முடியைப் பற்றிய முடிவை யாரும் தனியாக எடுப்பதில்லை. ‘ஏய், இது எனக்கு நல்லா இருக்குமாடி?’ என்று தோழிக்கு அனுப்புவார்கள். அக்காவுக்கு, கணவருக்கு அனுப்பிக் கேட்பார்கள். கேள்வியோடு அனுப்பப்படும் பதிவுக்குப் பதில் வரும், பதிலோடு இன்னொரு பதிவும் வரும். சமையல் குறிப்பைச் சேமித்து வைப்பதுபோல இதையும் சேமித்து வைக்கிறார்கள், பார்லரில் ஃபோனை நீட்டி ‘இப்படி வேணும்’ என்று காட்டுவதற்கு.

கருத்துகளும் தாமாகக் குவிகின்றன. பாதிப் பேர் ‘செம’ என்பார்கள், பாதிப் பேர் ‘கறுப்பே நல்லா இருந்துச்சு, ஏன் கெடுத்தீங்க’ என்பார்கள். நடுவில் ‘எவ்வளவு ஆச்சு?’ என்ற கேள்வி. இதற்கு ‘இன்பாக்ஸில் வாங்க’ என்று பதில் போடுவது தவறான வழி. விலையை மறைத்தால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள், கேட்பவர்களில் பலர் விலையைக் கேட்டதும் காணாமல் போவார்கள். முடியின் நீளத்துக்கேற்ப ‘இத்தனை முதல் இத்தனை வரை’ என்று பதிவிலேயே எழுதிவிட்டால் வருகிறவர் தயாராக வருவார்.

படம் பிடிக்கும்போது

நல்ல வேலை மோசமான வீடியோவால் வீணாவது தினமும் நடக்கிறது. முதல் குற்றவாளி வெளிச்சம். பல சலூன்களில் கூரையில் மஞ்சள் பல்புகள், ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில் 2700 முதல் 3000. அந்த ஒளியில் எந்த ஆஷும் பித்தளையாகத்தான் தெரியும். ஆறு மணி நேரம் உழைத்து எடுத்த சாம்பல் நிறத்தை ஒரு பல்பு அழித்துவிடும். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இல்லையென்றால் 5000 முதல் 5600 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள விளக்கை 45 டிகிரி பக்கவாட்டில் வையுங்கள். நேரெதிரே வைத்த ரிங் லைட் முகத்துக்கு ஏற்றது. முடியில் அது நிழல்களை அழித்து, கஷ்டப்பட்டு நெய்த ஹைலைட்ஸைத் தட்டையாக்கிவிடும்.

இரண்டாவது, வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஃபோனின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ். சட்டகம் முழுக்க ஆரஞ்சு முடி நிறைந்தால் ஃபோன் ‘வெளிச்சம்தான் ஆரஞ்சு’ என்று நினைத்து நீலத்தைச் சேர்க்கும். காட்ட நினைத்த ஆரஞ்சு வெளிறிப்போகும். தலை திரும்பும்போது ஒரே ஷாட்டுக்குள் நிறம் மூன்று முறை மாறும். பார்ப்பவர் அதைப் ‘ஃபில்டர்’ என்று முடிவுகட்டிவிடுவார். ஐபோனின் வீடியோ அமைப்புகளில் ஒயிட் பேலன்ஸைப் பூட்டலாம். ஆண்ட்ராய்டில் புரோ மோடு இருந்தால் கெல்வின் எண்ணைக் கையால் வைக்கலாம். ‘முன்’ எடுத்த எண்ணிலேயே ‘பின்’னும் எடுக்க வேண்டும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, விநாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், எடுக்கும் ஃபோனுக்குத் தெரிந்துவிடும், வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃப்ரேமில், ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் போய்விடும். முடி அலைபோல விழும் அந்த ஸ்லோ மோஷன் ஷாட்டை 120 ஃப்ரேமில் எடுக்கும்போது விளக்கை நம்பாமல் ஜன்னலுக்குப் போங்கள்.

பின்னணிச் சுவரும் நிறத்தை மாற்றும். பாரிஸில் கோப்லன் திரைச்சீலைப் பட்டறையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மிஷெல் யூஜீன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்று புகார் வந்தது. நூலில் குறையே இல்லை, பக்கத்தில் வைத்த நீலமும் ஊதாவுமே கறுப்பை வெளிறச் செய்தன என்று அவர் கண்டுகொண்டார். ஒன்றையடுத்து வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதியை 1839-ல் விரிவாக வெளியிட்டார். சலூனுக்கும் அது அப்படியே பொருந்தும். இளஞ்சிவப்புச் சுவருக்கு முன்னால் ஆஷ் பச்சை ஓடியதாகத் தெரியும், நீலச் சுவருக்கு முன்னால் மஞ்சள் ஓடியதாகத் தெரியும். நடுத்தரச் சாம்பல் சுவர் எதையும் கூட்டாது, குறைக்காது. ஒரு சுவருக்கு அந்த நிறம் அடிக்க ஆகும் செலவு, ஒரு ரிங் லைட்டின் விலையைவிட அதிகமாகாது.

25 விநாடி வீடியோவில் நேரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் இரண்டு விநாடியில் பின்னந்தலையும், என்ன வேண்டும் என்ற ஒரே வரி எழுத்தும். நிறையப் பேர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், ஆகவே எழுத்து கட்டாயம். அடுத்த ஆறேழு விநாடி ஃபாயில் வேலை, ஒவ்வொரு ஷாட்டும் ஒரு விநாடிக்கு மேல் வேண்டாம். பிறகு ஆரஞ்சு. இங்கே மட்டும் அவசரப்படக் கூடாது, முழு மூன்று விநாடி, வெட்டில்லாமல். டோனர் நான்கு விநாடி. மீதி முழுவதும் முடிவுக்கு. பலர் செய்வது இதற்குத் தலைகீழ். ஃபாயிலுக்குப் பத்து விநாடி கொடுத்துவிட்டு ஆரஞ்சை வெட்டி எறிந்துவிடுகிறார்கள், வேலை தவறிப்போனதாக யாராவது நினைப்பார்களோ என்ற பயத்தில். ஆரஞ்சு தவறே அல்ல, எல்லாக் கறுப்பு முடியும் கடக்கும் வழி. அதை எழுத்திலேயே சொல்லுங்கள்: ‘இது 6-ம் படி, இன்னும் மூன்று படி இருக்கிறது.’ பார்ப்பவருக்குப் புது விஷயம் தெரிந்ததாகவும் ஆகும், வேலையின் மேல் மரியாதையும் வரும்.

முடிவுக் காட்சியில் முடி ஏன் எப்போதும் சுருளாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 25 அல்லது 32 மி.மீ. கருவியால் சுருட்டிச் சீப்பால் கலைத்துவிட்டால் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுந்து ஹைலைட்ஸ் ஆழமாகத் தெரியும். அதோடு, நேராக விட்டால் தெரியக்கூடிய பட்டைகளையும் சுருள் மறைத்துவிடும். நேர்மையான பதிவென்றால் ஒரு விநாடியாவது நேராக உலர்த்திய முடியையும் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் வீட்டில் தினமும் பார்க்கப் போவது அதைத்தான்.

வீடியோவில் வராதவை

ஏமாற்று எங்கே நடக்கிறது என்பது தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பார்வையிலேயே தெரியும். ‘முன்’ படத்தில் எண்ணெய் வழியும் சீவாத முடி, மஞ்சள் பல்பு. ‘பின்’ படத்தில் ஜன்னல் வெளிச்சம், சுருள், சீரம். பாதி மாற்றம் சாயத்தால் வந்ததே இல்லை. அடுத்தது எடிட்டிங் செயலியில் ஆரஞ்சின் செறிவைக் குறைப்பது. அதைக் கண்டுபிடிக்க முடியைப் பார்க்க வேண்டாம், தோலைப் பாருங்கள். நம் தோலிலும் ஆரஞ்சு இருக்கிறது. முடியில் அதை எடுத்தால் கழுத்தும் காதும் சாம்பல் பூத்து நிற்கும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், விளம்பரப் பதிவுகளில் முடியைக் கூடுதலாகப் பளபளக்கக் காட்டுவதுபோன்ற, பொருளின் பலனை மிகைப்படுத்தும் ஃபில்டர்களைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கின்றன.

இதன் விலையை அடுத்த வாடிக்கையாளர்தான் கொடுக்கிறார். 25 விநாடி வீடியோவைப் பார்த்துவிட்டு, ஹென்னா வைத்த முடியோடு சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வந்து, ஏழு மணிக்கு ரிசப்ஷன் இருக்கிறது என்பார். அவர் மேல் குற்றமில்லை. நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும் என்றும், இரண்டு அமர்வு தேவைப்படலாம் என்றும், இரண்டுக்கும் நடுவில் சில வாரம் விட வேண்டும் என்றும் அந்த வீடியோ அவருக்குச் சொல்லவில்லை. எண்ணெய் தேய்க்கும் பழக்கமும் போர்வெல் தண்ணீரும் சேர்ந்தால் ஆஷுக்கு ஆயுள் எவ்வளவு என்றும் சொல்லவில்லை. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் இரும்பும் வெளுத்த முடியில் ஒட்டி, நிறத்தைப் பித்தளைப் பக்கம் இழுக்கும். சென்னையின் பல பகுதிகளில் இதுதான் தினசரி நிலைமை. ப்ளீச்சுக்கு முன்னால் தாதுக்களை நீக்கும் கீலேட்டிங் ஷாம்பூவால் ஒருமுறை கழுவுவதும், வீட்டில் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஒரு மக் வைத்துக்கொள்வதும் உதவும். மஞ்சள் எட்டிப் பார்த்தால் ஊதா ஷாம்பூ வாரம் ஒருமுறை போதும். ஆரஞ்சு என்றால் நீல ஷாம்பூ.

டோனர் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் நிற்கும். ஆகவே ஒரு மாற்றத்தின் முழுப் பதிவு அன்றைய மாலையோடு முடிவதில்லை. ஆறு வாரம் கழித்து டோனர் புதுப்பிக்க அவர் வரும்போது, தண்ணீர் படுவதற்கு முன்னால், அதே ஜன்னலோரம், அதே நாற்காலியில், அதே கெல்வின் எண்ணில், சுருட்டாமல் ஒரு ஷாட் எடுங்கள். வேரில் ஒன்றரை செ.மீ. கறுப்பு வந்திருக்கும். சாம்பல் கரைந்து, அடியிலிருந்த மஞ்சள் கொஞ்சம் தலைகாட்டியிருக்கும். நுனி சில இடங்களில் உலர்ந்திருக்கும். அன்றைய வீடியோவின் கீழேயே இதையும் இணைத்து, இதுவரை எத்தனை முறை தலைக்குக் குளித்தார், எந்தத் தண்ணீரில், எந்த ஷாம்பூவில் என்று மூன்று வரி எழுதுங்கள். அடுத்து வந்து உட்காரப் போகிறவர் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டிய படம் அது.